விசில் போடாத குக்கர்

1

போன வாரம் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் கெரித் காலமானார். மறுநாள் காலையில் அவர் மனைவி யன்னி வந்து எங்கள் கதவைத் தட்டினார். அழுது ஓய்ந்த முகம். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலில் நின்றபடியே ஒன்று கேட்டார்.

"வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவரை எடுக்கிறோம். அப்போது உங்கள் முன் ஜன்னல் திரையை மூடி வைக்க முடியுமா?"

கட்டாயம் என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் போய், நான் கதவைச் சாத்திய பிறகுதான் உறைத்தது, எங்கள் முன் ஜன்னலுக்குத் திரையே கிடையாது. நெதர்லாந்தில் பாதிப் பேர் வீட்டில் அப்படித்தான். தெருவில் போகிறவர்கள் நாம் சாப்பிடுவது, சண்டை போடுவது எல்லாவற்றையும் பார்க்கலாம். ஆனால் பார்க்க மாட்டார்கள். அதுதான் இங்கே மரியாதை.

இந்த நாட்டின் கிழக்கு மூலையில் உள்ள இந்தச் சின்ன ஊருக்கு நான் வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. தெருவில் இதற்கு முன்னும் சாவு விழுந்திருக்கிறது. இடுகாட்டு வண்டி கிளம்பும்போது அக்கம்பக்கத்து வீடுகள் திரையை இழுத்து மூடி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மூடச் சொல்லி என்னை யாரும் கேட்டதில்லை. இவர்களுக்கு இதெல்லாம் எதற்கு, பாவம், நம் பழக்கத்தை அவர்கள் தலையில் ஏன் கட்ட வேண்டும் என்று விட்டிருப்பார்கள். நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணம் எனக்குக் கொஞ்சம் வலிக்கும்.

அதனால் யன்னி கேட்டபோது எனக்கு சந்தோஷமாக இருந்தது. துக்க வீட்டுச் செய்தியில் சந்தோஷப்பட்டேன் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஏன் அப்படி என்று ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டுமானால், திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவில் செல்வராஜ் மாமா இறந்துபோன ஆடி மாதத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

2

அப்பாவும் செல்வராஜ் மாமாவும் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். அப்பா வேலூர்ப் பக்கம், மாமா திருநெல்வேலிப் பக்கம். நாங்கள் இந்து, அவர்கள் கிறிஸ்தவர்கள். குவார்ட்டர்ஸில் நாங்கள் மாடியில், அவர்கள் கீழே. மாமாவின் பையன் ஜெபா என் வயசு. ரிட்டயர் ஆகும் முன்பே இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு திருமுல்லைவாயிலில் பக்கத்துப் பக்கத்து மனை வாங்கினார்கள். அப்போது அங்கே தெரு என்று சொல்ல ஒன்றுமில்லை. கல் நட்ட வயல், கோடியில் ஒரு வேப்பமரம், அதனடியில் மஞ்சள் பூசிய அம்மன் கல். அந்த வயலை விற்ற பழைய ஊர்க் குடும்பத்தைச் சேர்ந்தவர் தாமோதரன் அண்ணன். மனைகள் வீடாக வீடாக, கல்லும் கோயிலாகிவிட்டது. தாமோதரன் அண்ணன் கோயில் கமிட்டித் தலைவரானார்.

ஆடியில் கூழ் ஊற்றுவார்கள். வீட்டுக்கு வீடு கேழ்வரகுக் கூழ் காய்ச்சிக் குடத்தில் சுமந்துபோய்க் கோயிலில் சேர்த்து, படையல் போட்டு, தெருவுக்கே ஊற்றுவார்கள். குடியேறிய முதல் வருஷம் அம்மா ஒரு தூக்கில் கூழ் எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனார். ரோசி அத்தை, மாமாவின் மனைவி, கை பிசைந்துகொண்டு நின்றாராம்.

"கோவிச்சுக்கிடாதீங்க மதினி. படைச்சத நாங்க சாப்பிடறதில்ல."

அம்மாவுக்குச் சுருக்கென்றது. தூக்கோடு திரும்பி வந்து, "கூழுல கூடவா சாமி பாப்பாங்க?" என்று அப்பாவிடம் பொரிந்து தள்ளினார். அந்தப் பக்கம் ரோசி அத்தையும் அழுதிருக்கிறார். அவர்கள் சபையில் அது கண்டிப்பு. ஆக, யார் மேலும் தப்பில்லை, இரண்டு பேருக்கும் மனசு நொந்துவிட்டது. இந்த மாதிரி இடத்தில் என்ன செய்வது என்று எனக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தரவில்லை.

மறு ஆடியில் அம்மா ஒரு காரியம் செய்தார். கூழ் இறக்கியதும், குடம் கோயிலுக்குக் கிளம்புவதற்கு முன்பே, ஒரு தூக்கு தனியாக ஊற்றிவிட்டார். படைக்காத கூழ். ரோசி அத்தை வாங்கிக்கொண்டார். மோர் விட்டு, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு மாமா இரண்டு சொம்பு குடித்தார். சாமிக்கு முன்னாடி மனுஷனுக்கா என்று தெருவில் ஓரிருவர் முணுமுணுத்தார்கள். சில வருஷத்தில் அந்த முணுமுணுப்பும் அலுத்து நின்றுவிட்டது. அம்மாவுக்குப் பிறகு அந்தத் தூக்கு என் அண்ணி கலாவின் கைக்கு வந்தது.

அப்பா இறந்தது ஒரு டிசம்பரில். நான் இங்கிருந்து போய் இறங்கியபோது முதலில் கண்ணில் பட்டது மாமா வீட்டு மாடியில் கட்டியிருந்த கிறிஸ்துமஸ் நட்சத்திரம்தான். விளக்குப் போடாமல் இருட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. பண்டிகை முடிந்து அவிழ்க்கிற வரைக்கும் அது எரியவே இல்லை. எரிய வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

3

நெதர்லாந்து என்றதும் உங்களில் பலருக்கு எதற்கும் தடையில்லாத தேசம் என்று ஒரு படம் மனசில் வரும். எங்கள் ஊர் அந்தப் படத்தில் இல்லை. இங்கே ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேளை சர்ச். அன்றைக்குப் புல் வெட்ட மாட்டார்கள், கார் கழுவ மாட்டார்கள். நான் வந்த புதிதில், வெயில் அடிக்கிறதே என்று ஒரு ஞாயிறு காலை வீட்டுத் துணி முழுவதையும் துவைத்துத் தோட்டத்துக் கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டேன். தெருவே கருப்புக் கோட்டில் சர்ச்சுக்குப் போகிறது, எங்கள் உள்பாவாடை காற்றில் ஆடுகிறது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை யன்னி ஆப்பிள் பணியாரம் போல ஒன்று செய்துகொண்டு வந்து, பேச்சோடு பேச்சாக, தன் சமையலறை ஜன்னலிலிருந்து எங்கள் கொடி நன்றாகத் தெரிகிறது என்றார். எனக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று. கொட்டகைக்குப் பின்னால் இன்னொரு கொடி கட்டினோம். ஞாயிறு துணியெல்லாம் இன்று வரை அங்கேதான் காய்கிறது. எல்லாருக்கும் தெரியும், யாருக்கும் தெரியாது.

எங்கள் குக்கருக்கும் ஒரு கதை உண்டு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். முதல் தடவை விசில் அடித்தபோது, நெருப்புப் பிடித்த அலாரம் என்று கெரித் வாளியோடு ஓடி வந்தார். மொழியிலும் நான் குறை வைக்கவில்லை. ஒரு சாவுக்குப் போய், இரங்கல் சொல்கிற வார்த்தைக்குப் பதில் அதே மாதிரி ஒலிக்கும் வாழ்த்துகிற வார்த்தையைச் சொல்லிக் கைகுலுக்கிவிட்டு வந்தேன். இறந்தவரின் மகன் நன்றி என்றார். வேறென்ன சொல்வார்.

கெரித் டிராக்டர் மெக்கானிக். அவர் சர்ச்சில் மூப்பர், நிர்வாகம் பார்க்கிற பெரியவர்களில் ஒருவர். வேலி ஓரம் நின்று பேசினால் நேரம் போவது தெரியாது. அவர் தாத்தா காலத்தில் இந்த ஊரில் கத்தோலிக்கர்களுக்கு ஒரு ரொட்டிக்கடை, புராட்டஸ்டன்ட்டுகளுக்கு ஒரு ரொட்டிக்கடையாம். மாற்றி வாங்கினால் வீட்டில் சண்டை. நம்ம ஊர் டீக்கடை இரட்டை டம்ளர் ஞாபகம் வந்தது எனக்கு. ஒருமுறை எங்களைப் பக்கத்து நகரத்துக்குக் கூட்டிப்போய் ஒரு வீட்டைக் காட்டினார். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண வீடு. உள்ளே ஏறிப்போனால் பரணில் ஒரு முழு சர்ச், பலிபீடத்தோடு. பழைய நாளில் கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை இருந்தபோது இப்படி வீட்டுக்குள் நடத்திக்கொண்டார்களாம். அரசாங்கத்துக்குத் தெரியாதா என்று கேட்டேன். "தெரியாமல் எப்படி? தெருவிலிருந்து தெரியாத வரைக்கும் கேட்கவில்லை," என்றார்.

என் மகள் நிலா அப்போது சின்னப் பெண். "அது பொய்தானே?" என்றாள் பட்டென்று. கெரித் யோசித்துவிட்டு, "பொய்தான். ஆனால் அதற்கு முன்னால் கொன்றுகொண்டிருந்தார்கள்," என்றார்.

4

செல்வராஜ் மாமா இறந்த வருஷம் நிலாவுக்குப் பதினாலு வயசு. இங்கே கோடை விடுமுறை, அங்கே ஆடி. நாங்கள் இரண்டு பேரும் அண்ணன் வீட்டில் இருந்தோம். வெள்ளிக்கிழமை கோயிலில் காப்புக் கட்டினார்கள். தாமோதரன் அண்ணன் கையில் ஒன்று, கமிட்டிச் செயலாளரான என் அண்ணன் முருகன் கையில் ஒன்று, பூசாரி கையில் ஒன்று. காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடிகிற வரைக்கும் சாவு வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. ஞாயிறு கூழ்.

சனிக்கிழமை விடிகாலையில் மாமா தூக்கத்திலேயே போய்விட்டார்.

ஜெபா கனடாவில். கிடைத்த விமானத்தைப் பிடித்தாலும் ஞாயிறு இரவுதான் வந்து சேர முடியும். திங்கட்கிழமை அடக்கம் என்று முடிவாகி, ஐஸ் பெட்டி வந்து இறங்கியது. தெருவில் பிணம் இருந்தால் கோயில் நடை திறக்கக் கூடாது, எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டக் கூடாது என்பது எங்கள் தெரு வழக்கம். நடை திறக்காவிட்டால் கூழ் இல்லை. ஆனால் காப்புக் கட்டியாகிவிட்டது, பாதியில் நிறுத்தினால் அம்மன் குற்றம்.

இன்றைக்கே எடுத்துவிட முடியுமா என்று யாரோ ஆள் அனுப்பிக் கேட்டார்கள். "எம் மவன் முகம் பாக்காம எடுக்க விட மாட்டேன்," என்று ரோசி அத்தை சொன்னதும் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. அது நியாயம் என்று எல்லாருக்கும் தெரியும்.

நிலாவுக்கு இதெல்லாம் வேடிக்கையாகவும் எரிச்சலாகவும் இருந்தது. காலையிலிருந்து எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. மதியம் அடுத்த தெருவிலிருந்து இட்லி அண்டாவில் வந்தது. "அடுத்த தெருவுல சமைக்கலாம்னா, தெரு எது வரைக்கும் அத்தை?" என்று அண்ணியைக் கேட்டாள்.

"அந்த டிரான்ஸ்பார்மர் வரைக்கும்."

"யார் முடிவு பண்ணது?"

"கரண்ட் ஆபீஸ்தான்," என்றார் அண்ணி, சிரிக்காமல்.

எதிர்வீட்டிலிருந்து கஞ்சி வேகிற வாசனை வந்தது. நிலா விடுவாளா, அவங்க மட்டும் சமைக்கிறாங்களே என்றாள். அண்ணி குரலைத் தணித்துக்கொண்டார். "கைக்கொழந்த இருக்கிற ஊடுடி. கஞ்சி வெக்காம இன்னா பண்ணுவா? அதான் குக்கர்ல விசில் போடாம வெக்கிறா. தெரு காதுல விழாத வரைக்கும் ஒண்ணும் இல்ல." எனக்கு அந்தப் பரண் சர்ச் ஞாபகம் வந்தது.

சாயங்காலம் கோயில் வாசல் ஷாமியானாவில் கமிட்டி கூடியது. பிளாஸ்டிக் நாற்காலியில் ஆண்கள். நானும் நிலாவும் ஓரமாக நின்றோம். தாமோதரன் அண்ணன் எழுந்தார். கண் சிவந்திருந்தது. அவரும் மாமாவும் தினமும் ஒன்றாக டீ குடிக்கிறவர்கள்.

"தோ பாருங்கபா. செல்வராஜ் எனக்கு எப்பேர்ப்பட்ட தோஸ்துன்னு தெருவுக்கே தெரியும். ஆனா காப்பு கட்டிகினோம். அம்மாவ பாதில உட முடியாது. அவங்க வேற மதம், அவங்களுக்குத் தீட்டு கீட்டு ஒண்ணும் கெடையாது. அப்ப நமக்கும் இல்ல. அவரு புள்ள நிதானமா வரட்டும். நாம நம்ம கூழ ஊத்திகினு போவோம். யாருக்கும் தொந்தரவு இல்ல. இன்னா சொல்றீங்க? கை தூக்குங்க."

கை தூக்கினார்கள். என் அண்ணனும்தான். ஒரே ஒருவர் மட்டும் சும்மா இருந்தார், அவரும் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"லேடீஸ் ஓட்டுப் போட மாட்டாங்களா அங்கிள்?" என்று நிலா சத்தமாகக் கேட்டுவிட்டாள்.

தாமோதரன் அண்ணன் அவளைப் பார்த்துக் கனிவாகத்தான் சிரித்தார். "அவங்களுக்குக் கூழ் காய்ச்சற வேலையே சரியா கீதும்மா. இத்த வேற ஏன் அவங்க தலைல கட்டணும்?"

நடந்து திரும்பும்போது நிலா டச்சில் சொன்னாள், பெண்கள் இல்லாதது அநியாயம், ஆனால் முடிவு நல்ல முடிவு, அவரவர் வழி அவரவருக்கு. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. யார் மனதையும் புண்படுத்தாமல், மகன் வரும்வரை காத்திருக்கவும் விட்டு, திருவிழாவும் நடத்துகிறார்கள். இத்தனை வருஷ வெளிநாட்டு வாசத்தில் நான் கற்றுக்கொண்டது அதுதானே.

மாமா வீட்டுக்குள் போனோம். தீர்மானம் எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. பெண்கள் ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ரோசி அத்தை கலா அண்ணியின் கையைப் பிடித்தபடி இருந்தார்.

"அப்பம் இவுக செத்தது இந்தத் தெருவுல சாவு இல்லியா, கலா?"

பெட்டிக் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"எத்தன வீட்டுக்குப் பாடை தூக்குனாவ. ஒன் மாமனாருக்குத் தோள் குடுத்துட்டு வந்து, டிசம்பர் குளிருல பச்சத் தண்ணிய மேல ஊத்திக்கிட்டாவளே. அப்பம் மட்டும் இவுகளுக்குத் தீட்டு இருந்துச்சா?"

நல்ல முடிவு என்று ஐந்து நிமிடம் முன்புதான் மகளோடு சேர்ந்து தலையாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

5

ஞாயிறு காலை பம்பைக்காரர்கள் வந்துவிட்டார்கள். மைக் செட் பாட ஆரம்பித்து, யார் சொன்னார்களோ, நின்றுவிட்டது. கூழ்க் குடம் ஒன்றுகூட வரவில்லை. கமிட்டி ஆண்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். அடுப்பு அணைந்து கிடந்தது, மனைவிகளைக் காணோம். எல்லாரும் மாமா வீட்டில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நானும் இருந்தேன்.

காப்புக் கட்டிய கையோடு உள்ளே வர முடியாது. அதனால் தாமோதரன் அண்ணனும் என் அண்ணனும் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டார்கள்.

"கலா, இங்க வா. கூழ் காய்ச்சலியா?"

அண்ணி உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொன்னார். "சாவு ஊட்ல உக்காந்துகினு எப்டிங்க காய்ச்சறது?"

"நேத்து கமிட்டில முடிவு பண்ணோம்ல? தீட்டு இல்லன்னு?"

"நீங்க முடிவு பண்ணீங்க. எனக்குத் தீட்டு இருக்குது."

பெண்களில் யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். அண்ணன் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. யோசித்துப் பார்த்தால், கையைத் தூக்கிய ஆண்கள் அத்தனை பேரும் சனிக்கிழமை மதியம் அடுத்த தெரு இட்லியைத் தின்றவர்கள்தான். சாவு விழுந்தது என்று கேட்டதும் வீட்டுக்கு வீடு அடுப்பை அணைத்திருக்கிறார்கள். யார் மதம் என்ன என்று அப்போது ஒருவரும் யோசிக்கவில்லை. தெரு காலையிலேயே முடிவு செய்துவிட்டது, கமிட்டிக்குத்தான் தெரியவில்லை.

தாமோதரன் அண்ணன் கேட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார். அங்கிருந்து பெட்டியின் கால்மாடு மட்டும்தான் தெரியும். ரொம்ப நேரம் பார்த்தார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"இவன் ஊட்டு வாசல்ல நின்னுகினு உள்ள போவ முடியல பாரு எனக்கு," என்றார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "முருகா, பூசாரிய நடைய சாத்தச் சொல்லு. தெருவுல சாவு."

ரோசி அத்தை அப்போதுதான் வாய்விட்டு அழுதார். நாங்களும் அழுதோம்.

ஜெபா வந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தான். திங்கட்கிழமை சர்ச் வண்டி தெருக்கோடியைத் தாண்டும்போது, மூடிய கோயில் பக்கத்தில் தாமோதரன் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். காப்புக் கட்டிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, இன்னொரு கையை நெஞ்சில் வைத்திருந்தார். வண்டி போனதும் வீட்டுக்கு வீடு வாளித் தண்ணீரைத் தெருவில் ஊற்றினார்கள், நடை திறந்தது. கூழ் அடுத்த ஞாயிறு.

6

இதோடு எல்லாரும் மாறிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். அம்மனுக்குத் தெய்வக் குற்றம் ஆகிவிட்டதென்று ஒரு வீட்டார் கமிட்டியை விட்டு விலகினார்கள். இன்றைக்கு இவர்களுக்குச் சாத்தினால் நாளைக்கு யார் யாருக்கெல்லாம் சாத்துவது என்று வாட்ஸப்பில் பல நாள் சண்டை. இப்போது கமிட்டியில் இரண்டு பெண்கள் உண்டு. கூட்டத்தைத்தான் சரியாக ராத்திரிச் சமையல் நேரத்தில் போடுகிறார்களாம். அண்ணி ஒரு கையில் கரண்டியோடு போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார்.

பெண்களெல்லாம் முதல் நாளே பேசிவைத்துக்கொண்டார்களா என்று நான் எத்தனையோ தடவை போனில் கேட்டுவிட்டேன். அண்ணி பிடிகொடுக்கவே இல்லை. "சாவு ஊட்டுக்குப் போறதுக்கு யாராச்சும் பிளான் போடுவாங்களாடி?" தெருக்கோடியில் இப்போது ஒரு முஸ்லிம் குடும்பம் வாடகைக்கு வந்திருக்கிறது. அவர்களுக்கும் நடை சாத்துவீர்களா என்று கேட்டேன். "அவங்க நூறு வருஷம் நல்லா இருக்கட்டும். இப்பவே ஏன் கேக்கற?" என்றார். அது பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

இந்தக் கதையை ஒரு மாலை வேலி ஓரம் கெரித்திடம் சொன்னேன். அப்போது இங்கே ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கலாமா என்று ஊரே இரண்டாகப் பேசிக்கொண்டிருந்த சமயம். நகராட்சித் தேர்தலுக்கு எனக்கும் வாக்கு அட்டை தபாலில் வந்திருந்தது. திறக்கலாம் என்கிறவர்களுக்குத்தான் போடப் போகிறேன் என்று அவரிடமே சொல்லியிருந்தேன். "போடு. நான் மாற்றிப் போடுவேன்," என்றார். சிவப்புப் பென்சிலால் கட்டத்தை நிரப்பிவிட்டு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் நடந்து திரும்பினோம். கடை திறந்தது. அவர் ஒருநாளும் ஞாயிறு அந்தப் பக்கம் போகவில்லை. நான் போய்த் திரும்பும்போது பையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்வார்.

செல்வராஜ் மாமா கதையைக் கேட்டுவிட்டு அவர், "எங்கள் சர்ச்சிலும் பெண்களுக்கு ஓட்டில்லை. நான் என்ன நினைக்கிறேன் என்பதை ஓட்டெடுப்புக்கு முந்தின சாயங்காலம் யன்னிதான் எனக்குச் சொல்வாள்," என்றார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் யன்னி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும்.

திரையை மூடச் சொல்லி என்னிடம் கேட்கலாம் என்று யன்னிக்குத் தோன்றியது அதனால்தானா, தெரியவில்லை. பொறுத்துக்கொள்வது என்றால் என்ன என்று நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அவரவர் வழியில் விடுவது பெரிய விஷயம்தான். இங்கே ரத்தம் சிந்திய பிறகுதான் அந்த இடத்துக்கே வந்திருக்கிறார்கள். ஆனால் உன் சாவு எங்கள் வேலையை நிறுத்தாது என்று மரியாதையாகச் சொல்வதற்கும் அதே வார்த்தைகளே போதுமாக இருக்கின்றன. தீட்டு என்பதை நான் வாழ்நாள் முழுக்க வெறுத்தவள். அந்த ஒரு தடவை மட்டும் அது ஒருவரைத் தள்ளி வைக்காமல் உள்ளே சேர்த்துக்கொண்டது. இதை எங்கே வைப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

7

இங்கே இறந்தவரைப் பல நாள் வீட்டிலேயே வைத்திருப்பார்கள். அத்தனை நாளும் சுவருக்கு அந்தப் பக்கம் கெரித் இருந்தார். அடுப்பை அணைத்துவிட்டுப் பட்டினி கிடக்க எங்களால் முடியவில்லை, சமைத்தோம், சாப்பிட்டோம்.

புதன்கிழமை என் கணவர் பாஸ்கர் ஜன்னலுக்கு மேல் ஆணி அடித்தார். அலமாரியைக் குடைந்து, ஜரிகை இல்லாத கருநீலப் புடவை ஒன்றை எடுத்து இரண்டாக மடித்துக் கட்டினோம். வெளியில் போய் நின்று பார்த்தேன். பரவாயில்லை, திரை மாதிரித்தான் இருந்தது.

நிலா இப்போது வேறு ஊரில் படிக்கிறாள். எனக்கு எந்த மதமும் இல்லை என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்தால் நான் தமிழில் கேட்பதற்கு டச்சில்தான் பதில் வரும். கெரித்துக்காகப் புதன் இரவு வந்திருந்தாள். புடவையைப் பார்த்து என்ன சொல்வாளோ என்று இருந்தேன். அவள் சரிந்த மூலையை இழுத்துச் சரி செய்தாள்.

வியாழன் காலை ஒன்பது மணி தாண்டியிருக்கும். அடக்கம் முடிந்ததும் அவள் ரயில் பிடிக்க வேண்டும், ஒரு வாய் சாதமாவது சாப்பிட்டுப் போகட்டும் என்று குக்கரில் அரிசியைப் போட்டு மூடி அடுப்பில் வைத்தேன். வெளியே அந்த நீளமான கருப்பு வண்டி சத்தமில்லாமல் வந்து நின்றது. மேடையில் வைத்திருந்த விசில் குண்டைத் தேடினேன், காணவில்லை. திரும்பினால் நிலா அதைக் கைக்குள் மூடிக்கொண்டு நின்றிருந்தாள்.

"விசில் போடாதம்மா," என்றாள், தமிழில். "இன்னும் எடுக்கல."